கால்வாய்க்கு ஊற்றானவர்

ஒரு வாளி, அதில் ஒரு சாண் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுத் துண்டு. ஒரு தெருவை மூழ்கடிக்க இவ்வளவு சாமான் போதும். கூடவே ஒரு மறதிக்காரர் வேண்டும். அவரும் கைவசம் இருந்தார்.

ஊரில் அவரைப் பம்ப்காரர் என்பார்கள். வேலையிடத்தில் பெயர் ஊத்து. அது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வேலையிடம் ஒரு கால்வாய். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மண்வெட்டியையும் கூடையையும் வைத்துக்கொண்டு மேட்டைக் குடைந்து வெட்டிய கால்வாய் அது. கதவு வைத்த தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டி, ஆற்றிலிருந்து படகுகளை ஒவ்வொரு படியாக ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோய், மறுபக்கம் இறக்குகிற ஏற்பாடு. வெட்டினவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதைத் தவிர. அப்புறம் ஒரு ஏரி வெட்டினார்கள்; அது தூர்ந்துபோயிற்று. நீராவி எஞ்சின் வைத்தார்கள். அது இப்போது கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு முன் ஆற்றங்கரையில் மூன்று நீர்மூழ்கி மோட்டார்களை இறக்கி, மேடு வரைக்கும் இரும்புக் குழாய் போட்டார்கள். குழாயின் வாய் மேல்மட்டக் கால்வாயில் திறக்கிறது. அதற்கெல்லாம் பொறுப்பு நம் பம்ப்காரர்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று மோட்டார்களுக்குச் சொல்வது அந்த எஃகுத் துண்டுதான். சென்சார் என்று பெயர். வேலைக்காரர்கள் வாயில் அது ‘விரல்’. நீளக் கேபிளில் கட்டி, கால்வாயோரம் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்கியிருப்பார்கள். தலைமேல் தண்ணீர் கனத்தால் கால்வாய் நிறைந்துவிட்டது என்று சொல்லும், மோட்டார்கள் நிற்கும். கனம் குறைந்தால் காய்கிறது என்று சொல்லும், மோட்டார்கள் ஓடும். இதற்குமேல் அதற்கு உலக விவரம் கிடையாது.

வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குழாயைப் பாசி அடைத்துக்கொள்ளும். விரலை வெளியே எடுத்துவிட்டுக் குழாயைக் குத்திச் சுத்தம் பண்ண வேண்டும். எடுத்த விரலைக் காற்றில் தொங்கவிட்டால் அது பயந்துபோய்ப் பொறியாளர் அம்மாளின் கைபேசிக்கு அலறல் அனுப்பிவிடும். அவர் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். அங்கிருந்து அவர் அலறுவார். அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வாளியில் ஒரு சாண் தண்ணீர் பிடித்து, விரலை அதில் போட்டு, கரையோரம் நிற்கிற கருவிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. நனைந்துதானே இருக்கிறோம் என்று அது அலறாமல் கிடக்கும். தண்ணீர் குறைவென்று நினைத்து மூன்று மோட்டாரும் ஓடும்தான். கால் மணி நேரம் ஓடினால் என்ன, குடியா முழுகிவிடும்?

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். கண்டுபிடித்தவர் பம்ப்காரர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கோடைச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு விரல் வாளிக்குள் இருந்தது, பம்ப்காரர் குழாயைக் குத்திக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்த படகு ஒன்று பக்கத்தில் ஒதுங்கியது. தொப்பி போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க, இவ்வளவு உசரத்துல தண்ணி எங்கிருந்துங்க வருது?”

“அத ஏன் கேக்குறீங்க. எல்லாம் எனக்கு வேர்க்கிறதுதான்.”

படகு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு என்றால் பம்ப்காரருக்குக் குடிகாரனுக்குக் குப்பி மாதிரி; ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. “மேட்டுல ஊத்து கெடையாதுங்க. நான்தான் ஊத்து. எனக்கு ஜலதோஷம் வந்தா மீனெல்லாம் தும்மும்” என்று ஆரம்பித்து, அவர்களைக் குழாய் வாய் வரைக்கும் கூட்டிப்போய், தண்ணீர் கொட்டுகிற இடத்தைக் காட்டி, நீராவி எஞ்சினைத் தன் மாமனாரோடு ஒப்பிட்டு — இரண்டும் புகை விட்டதே தவிரத் தண்ணீர் இறைத்ததில்லை — இருபது நிமிஷம் கச்சேரி செய்தார். கைதட்டினார்கள். அவர் குனிந்து வணங்கினார். படகு போனதும், நெஞ்சு நிறையச் சந்தோஷத்தோடு கருவிப் பெட்டியின் கதவைச் சாத்திப் பூட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விரல் வாளிக்குள்ளேயே இருந்தது.

‘தண்ணீர் குறைவு’ என்று எச்சரிக்க ஒரு மணி உண்டு. கோடையில் நாளைக்கு நாலு தடவை அடிக்கிறதென்று அதை முன்பே அணைத்துவைத்திருந்தார்கள். கால்வாய் மிகையாக நிறைந்தால் வழிந்து ஆற்றுக்கே திரும்ப ஓர் ஓடை உண்டு. படகுகள் தரை தட்டாமல் ஓட வேண்டும் என்று அந்த ஓடையின் வாயில் இரண்டு பலகையைக் கூடுதலாக ஏற்றி வைத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லை. கரையிலேயே தாழ்வான இடம் பார்த்து, கீழே இருந்த தெருவுக்குள் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மின்சாரக்காரர் போன் செய்தார். பம்ப்காரரைவிடப் பதினைந்து வயது சின்னவர், அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர்.

“அண்ணே, ஓடி வாங்கண்ணே. கால்வா வழியுது!”

“மழையாடா?”

“வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. நீங்கதாண்ணே மழை.”

போய்ப் பார்த்தபோது, சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. கரை நெடுகப் புல்லின் மேல் கண்ணாடி விரித்த மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார்களை நிறுத்தினார். பெட்டியைத் திறந்தார். விரல் வாளிக்குள்ளேயே கிடந்தது. அந்த மாதிரி நேரத்தில் சிலர் அழுவார்கள், சிலர் ஓடுவார்கள். பம்ப்காரர் தெருவில் இறங்கி, துடைப்பமும் கையுமாக நின்றவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு, “ஊத்து கொஞ்சம் பொங்கிருச்சு, மன்னிச்சுக்கங்க” என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆறாவது வீட்டு வாசலில் யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் தெருமட்டத்துக்குக் கீழே நாலு படி இறங்கினால் ஒரு தையல் அறை. அதிலிருந்து தையல்காரரைத் தூக்கிவந்து நடைபாதையில் கிடத்தியிருந்தார்கள். மார்பு வரைக்கும் ஈரம். உதடு நீலம். மூச்சு இருந்தது. அவர் மனைவி கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே இருந்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தையல்காரர் இறந்தார்.

பம்ப்காரருக்கு அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சாப்பிடும்போதும், பல் தேய்க்கும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும் அது கூடவே வந்தது. அந்த மனிதர் செத்தது என்னாலா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை யாராவது சொன்னால் போதும், எதுவானாலும் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் கேட்கும்போதெல்லாம் கேள்விக்கு ஒரு வாலை ஒட்டியே அனுப்புவார். கேட்கப்பட்டவர்கள் அந்த வாலைப் பிடித்துத் தொங்கி அக்கரைக்குப் போய்விடுவார்கள்.

மின்சாரக்காரரிடம்தான் முதலில் கேட்டார். பம்ப் அறையில் மூன்று மோட்டாரும் ஓய்ந்து கிடந்த மத்தியானம் அது.

“டேய் தம்பி, நான் கொலகாரனா, இல்ல வெறும் மறதிக்காரனா? பலகைல எழுதி மாட்டணும், சொல்லு.”

“ரெண்டும் இல்லண்ணே. நீங்க ஒரு கேஸு, அவ்வளவுதான்.” மின்சாரக்காரர் சிரித்தார். பிறகு பம்ப்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டார். “அந்த மனுசருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்துச்சாம்ணே. என்னைக்கிருந்தாலும் போற உசுரு.”

“அப்ப என் வாளி வெறும் வேடிக்க பாத்துச்சா?”

“வாளிக்கு நம்பர் ஒட்டி விசாரணைக்காரங்க கொண்டுபோயிட்டாங்க.”

“பாருடா. எனக்கு ஒட்டலையே.”

“விடுங்கண்ணே. தண்ணிக்குக் கண்ணா இருக்கு?” என்று சொல்லி மின்சாரக்காரர் டெஸ்டரைத் தேட ஆரம்பித்தார். டெஸ்டர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் போனார். நெஞ்சில் குத்துகிறது என்று பொய் சொல்லிச் சீட்டு வாங்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, தையல்காரருக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

“அத விடுங்க டாக்டர். அந்தத் தையல்காரர் எதனால செத்தார்?”

“இதயம் நின்னதால.”

“எல்லாருமே அப்படித்தானே சாவாங்க?”

“மருத்துவப்படி அதுதான் பதில்” என்ற டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டார்.

பொறியாளர் அம்மாள் நல்ல மனுஷி. வயது முப்பத்தைந்து இருக்கும். அவர் அறையின் சுவரில் கால்வாயின் பழைய வரைபடம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கும். பம்ப்காரரிடம் பேசிய நேரமெல்லாம் அவர் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பலகை ஏற்றச் சொன்னது அவர்தான். வாயால் சொன்ன உத்தரவு, காகிதத்தில் இல்லை.

“மேடம், பலகைய ஏத்தாம இருந்திருந்தா தண்ணி தெருவுக்குப் போயிருக்குமா?”

“கணக்குப் போட்டுப் பாக்கணும்.”

“நான் மறக்காம இருந்திருந்தா?”

“அதுவும் கணக்குப் போட்டுத்தான் பாக்கணும்.”

“நான் பொறக்காமலே இருந்திருந்தா மேடம்? அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?”

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அண்ணா, ஒருத்தர் மட்டும் காரணம்னு இதுல சொல்ல முடியாது. பல காரணம் சேர்ந்து வந்திருக்கு” என்றார். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த பேனாக்களை எல்லாம் ஒரே திசையில் அடுக்கினார்.

விசாரணை அறிக்கையும் வந்தது. நாற்பது பக்கம். மின்சாரக்காரர் சத்தமாகப் படித்தார். ‘நீர்மட்டக் கருவியைக் கையாளுவதில் நேர்ந்த செயல்முறை விலகல், மிகைநீர்ப் பலகைகளின் உயர மாற்றம், பழமையான கரையின் படிப்படியான தாழ்வு ஆகிய காரணிகள் ஒருங்கே அமைந்ததன் விளைவாக...’

“இதுல நான் எங்கடா இருக்கேன்?”

“இந்தா, மொதல்ல இருக்கீங்கண்ணே. செயல்முறை விலகல்.”

“அப்பா அம்மா ஒரு பேரு வச்சாங்க. இங்க வந்து ஊத்துன்னு ஒண்ணு ஆச்சு. இப்ப இது மூணாவது” என்றார் பம்ப்காரர். அன்று மட்டும் மின்சாரக்காரருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவருடைய வாளியை மட்டும் ஒழித்தார்கள். விரலைச் சுத்தம் பண்ணும்போது இரண்டு பேர் நிற்க வேண்டும், மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பூசி மெழுகியாயிற்று. கால்வாய் மறுபடி நிறைந்தது, படகுகள் வந்தன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மறுபடி கேட்டார்கள். “குழாய்லேர்ந்துங்க” என்று சொன்னார் பம்ப்காரர்.

வீட்டில் மனைவியிடம் கேட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். முப்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவருக்கு வால் ஒட்டின கேள்விகளெல்லாம் பழக்கம்.

“ஏம்மா, உன் புருசன் எப்படிப்பட்ட ஆளு? ஒரு மார்க் போடு.”

“சாப்பிடுங்க. ஆறுது.”

“அந்த ஆளு செத்ததுக்கு எனக்கு எத்தன மார்க்?”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். “என்கிட்ட கேக்காதீங்க. நான் உங்க பொண்டாட்டி. நான் எத சொன்னாலும் அது உங்க பக்கம்தான் விழும். அத வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார். அப்புறம் குரலைத் தணித்து, “ரெண்டு மாசமா தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க” என்றார்.

கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது அவருக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான் போய்வந்துகொண்டிருந்தார்.

எப்படியென்றால், அந்த ஒரு நாள் வழிந்ததில் கரையின் உள்ளே இருந்த பழைய களிமண் ஊறிப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து ஆறாவது வீட்டின் கீழறையில் தண்ணீர் கசிந்து நின்றது. கரையைச் செப்பனிடக் கால்வாயின் தண்ணீரை இறக்க வேண்டும். இறக்கினால் படகுகள் நிற்கும். அதனால் கோடை முடியும் வரை, செவ்வாயும் வெள்ளியும் ஒரு சின்ன மோட்டாரைக் கொண்டுபோய் அறையை இறைத்துவிடுவது என்று அலுவலகம் முடிவு செய்தது. ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்க்கு ஏற்றுவது, கால்வாய்த் தண்ணீர் அறைக்குள் இறங்குவது, அறைத் தண்ணீரை ஹோஸ் வழியாக மறுபடி கால்வாயில் விடுவது. “நம்மள விட இந்தத் தண்ணி நல்லா ஊர் சுத்துதுண்ணே” என்றார் மின்சாரக்காரர். அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. பம்ப்காரர் கையைத் தூக்கினார்.

முதல் செவ்வாய்க்கிழமை மோட்டாரையும் ஹோஸையும் தூக்கிக்கொண்டு நாலு படியும் இறங்கினார். நீளமான அறை. ஒரு பக்கம் தையல் மிஷின், இன்னொரு பக்கம் இஸ்திரி மேசை. மேலே, நடைபாதை மட்டத்தில் ஒரு கம்பி போட்ட ஜன்னல். அதன் வழியாகப் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. சுவரில் மார்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்க்காமல் ஹோஸை மாட்டினார்.

தையல்காரரின் மனைவி மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு சட்டையோடு. கணவர் வெட்டித் தைப்பார். பொத்தானுக்குத் துளை வைத்து நூலால் கட்டுகிற காஜா வேலை மனைவியுடையது. முப்பது வருஷமாக அப்படித்தான். தண்ணீரில் நனைந்த பதினேழு உருப்படிகளையும் அவர் துவைத்து, உலர்த்தி, மிச்சமிருந்த வேலையை முடித்து, உரியவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க” என்பார் வரும்போது. “போய்ட்டு வாங்க” என்பார் போகும்போது. நடுவில் ஒரு மணி நேரம் மோட்டார் சத்தம்.

பம்ப்காரர் சும்மா இருப்பாரா? “அக்கா, இந்த மோட்டாரு என் மச்சான் மாதிரி. ஒதைச்சாத்தான் எந்திரிக்கும்” என்றார் ஒரு நாள். “இந்தத் தண்ணிக்கு உங்க வீடு ரொம்பப் புடிச்சுப்போச்சுக்கா” என்று வாய் தவறி இன்னொரு நாள் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தித் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். தையல்காரர் மனைவி எதற்கும் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. ஊசி போய்ப் போய் வந்தது.

ஒரே ஒரு முறை அவராகவே பேசினார். பம்ப்காரர் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தபோது.

“உங்க பேன்ட்ட அவருக்குத் தெரியும்.”

“என்னக்கா?”

“அந்த ஜன்னல் வழியா எல்லார் காலையும் பாத்துட்டே தைப்பாரு. முகம் தெரியாது, பேன்ட்டு ஓரத்தப் பாத்தே ஆளச் சொல்வாரு. சைக்கிள் செயின்ல மாட்டி மாட்டி உங்க வலது கால் ஓரம் கிழிஞ்சு தொங்குது பாருங்க. ‘இந்த ஆளு ஒரு நாளு உள்ள வந்தா அஞ்சு நிமிசத்துல மடிச்சுத் தச்சுவிடுவேன், வரமாட்டேங்குறானே’ன்னு சொல்வாரு.”

பம்ப்காரர் தன் காலைப் பார்த்தார். நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். வீட்டுக்குப் போனதும் அந்தப் பேன்ட்டைத் தூக்கிப் போட நினைத்தார். போடவில்லை. போட்டுக்கொள்ளவும் இல்லை.

கோடை முடிந்தது. கடைசிப் படகு போனதும் கால்வாயை இறக்கி, கரையைத் தோண்டி, புதுக் களிமண் போட்டு இடித்து இறுக்கினார்கள். வியாழக்கிழமை வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை ஒரு முறை இறைத்துவிட்டால் அறை காய்ந்துவிடும், அதற்கப்புறம் அங்கே போக வேண்டியதில்லை என்றார் பொறியாளர் அம்மாள். “நல்ல செய்திதானே அண்ணா?” என்று கேட்டார். பம்ப்காரர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை சின்ன மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அவருக்குப் புரிந்தது. இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி எந்தச் சாக்கும் இல்லை. கேள்வியோடு கிழவனாக வேண்டியதுதான். தண்ணீர் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று வழியெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டே போனார். தெரு முனை வந்ததும் தைரியம் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டது.

அறையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மிஷினை விற்றாயிற்று, அது நின்ற இடத்தில் நாலு துருப்பிடித்த புள்ளிகள். இஸ்திரி மேசை இல்லை. தையல்காரர் மனைவி அதே மூன்றாவது படியில் இருந்தார், மடியில் ஒரு நீலச் சட்டை. ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

“வாங்க.”

“இன்னைக்குத்தாங்க்கா கடைசி. கரைய அடைச்சாச்சு. இனிமே நீங்களா கூப்ட்டாத்தான் வருவேன், நல்ல டாக்டர் மாதிரி.”

அவர் ஊசியில் நூல் கோத்தார். பம்ப்காரர் மோட்டாரை உதைத்தார், அது எழுந்து இரைந்தது. ஹோஸ் விறைத்தது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. தரையின் மேடான மூலை ஈரமாக வெளியே வந்தது. அப்புறம் நடுவில் ஒரு திட்டு. இன்னும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எட்டு நிமிஷத்தில். சுவரில் இருந்த பழுப்புக் கோட்டை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அது தன் மார்புக்குச் சரியாக வருகிறதா என்று அவர் உடம்பு தானாகவே அளந்து பார்த்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? செத்தவருக்கும் இந்த மொட்டத்தலையனுக்கும்...” என்று ஆரம்பித்தார். மோட்டார் சத்தத்தில் அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“மோட்டார நிறுத்துங்க” என்றார் அவர்.

“இன்னும் கொஞ்சம் இருக்குக்கா, இறைச்சிட்டு...”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். அறை திடீரென்று பெரியதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஹோஸில் மிச்சமிருந்த தண்ணீர் பின்னால் இறங்கிவந்து, தரையில் கொட்டி, அடங்கியது. மேலே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

தையல்காரர் மனைவி சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தார். ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டார்.

“நாலு மாசமா எதையோ கேக்க வர்றீங்க. வந்து வந்து வேற எதையாவது சொல்லிட்டுப் போறீங்க. இப்பக் கேளுங்க.”

பம்ப்காரர் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கே ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். இன்றைக்குத் துழாவினால் ஒன்றும் அகப்படவில்லை.

“அன்னைக்கு மோட்டார் ஓடினது... அந்தச் சென்சார எடுத்து வெளிய வச்சுட்டு, திருப்பிப் போடாம வீட்டுக்குப் போனது நான்தாங்க்கா.”

“தெரியும். மொத நாளு நீங்க இந்தப் படியில எறங்குனப்பவே தெரியும். தெருவுல எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா எதுக்குக்கா ‘வாங்க’ன்னு சொன்னீங்க?”

“வீட்டுக்கு வர்றவங்கள வேற என்னன்னு சொல்றது? நீங்க கேக்க வந்தது அது இல்ல. அதக் கேளுங்க.”

கைகள் நனைந்திருந்தன. பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் செத்தது என்னாலயா?”

சொல்லிவிட்டார். சொன்னபின் அது எவ்வளவு சின்னக் கேள்வி என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

தையல்காரர் மனைவி மிஷின் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“விடிகாலைல சத்தம் கேட்டு ரெண்டு பேரும் எழுந்து வந்தோம். அப்ப முட்டிக்காலுக்குத்தான் இருந்துச்சு. ‘ஊரு துணிடி’ன்னுட்டு எறங்குனாரு. ஒரு கை நிறைய அள்ளிட்டு வந்து குடுத்தாரு. மறுபடி எறங்குனாரு, மறுபடி குடுத்தாரு. மூச்சு வாங்குச்சு. போதும்னேன். கேக்கல. மூணாவது தடவ எறங்குனப்ப ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு மொத்தமா உள்ள வந்துருச்சு. நான் இந்தப் படியிலதான் நின்னுட்டிருந்தேன். கைய நீட்டினேன், எட்டல.”

அவர் குரல் எங்கேயும் உடையவில்லை. யாருக்கோ அளவு சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“டாக்டரு இதயம்னு சொன்னாரு. முப்பது வருசம் அந்த இதயத்துமேல தல வச்சுப் படுத்தவ நான். அது நோஞ்சாந்தான், எனக்குத் தெரியும். ஆனா அந்த வாரம் அது நிக்கிறதா இல்ல. பலகைய ஏத்தினாங்களாம், கரை பழசாம், எல்லாம் அந்த மேடமே வந்து சொல்லிட்டுப் போனாங்க. அது அவங்க கணக்கு, அவங்க பாத்துக்கட்டும். நீங்க உங்களப் பத்திக் கேட்டீங்க.”

பம்ப்காரரின் முகத்தை அவர் நேராகப் பார்த்தார். அந்த நாலு மாசத்தில் அதுதான் முதல் தடவை.

“ஆமா தம்பி. உங்களாலதான். நீங்க மறந்தீங்க, அவரு செத்துட்டாரு.”